துவக்கின் உதை யாருக்கு? – மலையகத்துத் துரைமார் படையின் கதை

கனடாவில் வாழும் என் தங்கையின் மகன் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்தான். ஹட்டனில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்தவன். கணினித் துறையில் வேலை. கடந்த சில ஆண்டுகளாகத் துவக்குச் சுடும் போட்டிகளில் அவனுக்கு ஈடுபாடு ஏற்பட்டிருக்கிறது. வார இறுதி நாட்களில் மைதானமே கதி என்று தங்கை குறைப்பட்டுக்கொள்வாள்.

"மாமா, ரைபிள் குழல்வாயில மாட்டுறதுக்கு மூணு கொம்பென்சேட்டர் பாத்து வச்சிருக்கேன். எது நல்லதுன்னு ஒங்ககிட்டக் கேக்கல. நம்ம பூட்டன் துரைமார் துவக்குச் சுடுற எடத்துல வேல செஞ்சாருன்னு அம்மா சொன்னாங்க. அது நெசமா?"

நிஜந்தான் என்றேன். அதன் பின்னர் இரண்டு வாரங்கள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் அரசியலும் தொழிற்சங்கமும் எழுதிப் பழகிய எனக்குத் துவக்கைப் பற்றித் தெரிந்தது சொற்பம். ஆயினும் மலையகத்தின் வரலாற்றில் துவக்குக்கு ஓர் இடம் உண்டு என்பதும், அதை நாம் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை என்பதும் நெடுநாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்தன. மருமகனுக்குச் சொன்னவற்றையும் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தமிழகத்து அன்பர்கள் துப்பாக்கி என்பதை நாங்கள் துவக்கு என்போம். அந்தச் சொல்லையே இக்கட்டுரையில் ஆள்கிறேன்.

முதலில் மருமகனின் கருவியைப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால்தான் பின்னால் வரும் கதை புரியும்.

துவக்கு உதைக்கும் என்பது அதைத் தோளில் வைத்துச் சுட்ட எவரும் அறிந்தது. சன்னம் முன்னோக்கிப் பாயும்போது துவக்கு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. வெள்ளைக்காரன் காலத்து லீ-என்பீல்ட் ரைபிளை எடுத்துக்கொள்ளுங்கள். துவக்கின் எடை ஏறக்குறைய 4 கிலோ. சன்னத்தின் எடை 11 கிராமுக்குச் சற்று அதிகம். அது செக்கனுக்கு 744 மீற்றர் வேகத்தில் வெளியேறுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் துவக்கு செக்கனுக்கு மூன்று மீற்றருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் தோளில் வந்து மோதும். இந்த உதைக்குச் சன்னம் மட்டும் காரணமன்று. அதன் பின்னால் பீறிட்டு வரும் வெடிமருந்து வாயுவுக்கும் அதில் கால் பங்குக்கு மேல் உரிமையுண்டு. குழல்வாயில் மாட்டும் கருவிகள் கை வைப்பது அந்த வாயுவில்தான். சன்னத்தால் வரும் உதையை அவற்றால் ஒன்றும் செய்ய இயலாது.

மருமகன் பார்த்து வைத்திருந்த மூன்றும் மூன்று வகை. முதலாவது, பக்கவாட்டில் அறைகளும் தடுப்புகளும் கொண்ட 'மசில் பிரேக்'. வாயு தடுப்புகளில் மோதிப் பக்கவாட்டிலும் சற்றுப் பின்னோக்கியும் திரும்புகிறது. திரும்பும்போது துவக்கை முன்னோக்கி இழுக்கிறது. உதையைக் குறைப்பதில் இதற்கு நிகர் இல்லை. பெரிய ரவைகளில் உதை பாதியளவு வரைகூடக் குறையும். இரண்டாவது, மேற்புறத்தில் துளைகள் உள்ள, சரியான பொருளில் கொம்பென்சேட்டர் எனத்தக்கது. வாயு மேல்நோக்கிப் பாய, குழல்வாய் கீழ்நோக்கி அழுத்தப்படுகிறது. உதை பெரிதாகக் குறையாது. குழல்வாய் துள்ளுவது குறையும். எனவே அடுத்த வேட்டை விரைவாகத் தீர்க்கலாம். 1920களில் அமெரிக்கக் கடற்படைத் துருப்பைச் சேர்ந்த கட்ஸ் என்பவரின் பெயரால் வந்த கருவி தொம்சன் இயந்திரத் துவக்கில் பொருத்தப்பட்டுப் புகழ்பெற்றது. 1959இல் வந்த சோவியத் ஏகேஎம் துவக்கின் குழல்வாய் சரிவாக வெட்டப்பட்டிருப்பதும் இதே நோக்கத்தில்தான். மூன்றாவது, 'டியூனர்'. இது வாயுவோடு சண்டை பிடிப்பதில்லை. குழல்வாயில் ஒரு சிறு எடையை முன்னும் பின்னும் திருகி நகர்த்தி, குழலின் அதிர்வைச் சன்னம் வெளியேறும் கணத்துக்கு இசைவாக மாற்றுகிறது. 1990களில் பிரௌனிங் நிறுவனம் பிரேக்கையும் டியூனரையும் ஒன்றாக்கி விற்றது.

எது சிறந்தது? எந்தப் போட்டி என்பதைப் பொறுத்தது என்பதே நேர்மையான விடை. ஓடி ஓடிச் சுடும் போட்டிக்கு இரண்டாவது. பெரிய ரவையை நாள் முழுதும் சுட்டு, சன்னம் எங்கே விழுந்தது என்பதைத் தன் தொலைநோக்கியிலேயே பார்க்க விரும்புபவனுக்கு முதலாவது. வெடிமருந்து மிகக் குறைவான .22 ரவைக்கு முதலிரண்டும் பெரும் பயன் தருவதில்லை, மூன்றாவது பயன்படலாம். ஒலிம்பிக் துவக்குப் போட்டிகளுக்குப் பொறுப்பான சர்வதேசச் சம்மேளனமோ ரைபிள்களில் பிரேக்கையும் கொம்பென்சேட்டரையும் அடியோடு தடை செய்திருக்கிறது. கடலூரில் பிறந்து டோக்கியோவுக்கும் பாரிஸுக்கும் சென்ற இளவேனில் வாலறிவனின் துவக்கிலும் அவற்றுக்கு இடமில்லை. ஆயிரம் யார் தூரத்துக்குப் படுத்துச் சுடும் 'எஃப் கிளாஸ்' போட்டியின் சர்வதேச விதிகளும் பிரேக்கை அனுமதிப்பதில்லை.

ஏன் இந்தத் தடை? மருமகனே அதற்கு விடை சொன்னான். "பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குத் தாங்காது மாமா. சத்தமும் காத்தும் அவன் மூஞ்சியில அறையும். தூசியெல்லாம் கண்ணுல விழும்."

உதை எங்கும் மறைந்துவிடுவதில்லை. சுடுபவனின் தோளிலிருந்து விலகிப் பக்கத்தில் இருப்பவனிடம் போகிறது. இதைக் கேட்டபோதுதான் எனக்கு மலையகத்தின் கதை நினைவுக்கு வந்தது.

நுவரெலியாவுக்கு 1848இல் குடியேறிய சாமுவேல் பேக்கரின் பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் தலைப்பைத் தேடிச் சென்று புகழ்பெற்ற அதே பேக்கர்தான். 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து, பண்ணை அமைத்து, மரக்கறி பயிரிட்டு, யானை வேட்டையாடினார். இலங்கை வேட்டை பற்றி அவர் எழுதிய நூல் 1854இல் வெளிவந்தது. அவர் கையில் இருந்த ரைபிள்களில் ஒன்று பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவர் 1840இல் செய்து கொடுத்தது. அதன் எடை 21 இறாத்தல். நம் கணக்கில் ஒன்பதரைக் கிலோ. ஒரு வேட்டுக்கு ஓர் அவுன்ஸ் வெடிமருந்து. மூன்று நான்கு அவுன்ஸ் எடையுள்ள குண்டு. அந்தக் காலத்தில் குழல்வாய்க் கருவி ஏதும் கிடையாது. பிரான்சில் 1842இல் பீரங்கிக் குழலில் துளையிட்டுப் பரிசோதித்திருக்கிறார்கள். தோள் துவக்குக்கு அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. எனவே உதையை அடக்கும் ஒரே வழி துவக்கின் எடையைக் கூட்டுவது. எடை கூடினால் உதை குறையும். பேக்கரின் தோளும் தப்பியது.

ஆனால் அந்த ஒன்பதரைக் கிலோவைக் காட்டிலும் மேட்டிலும் சுமந்து சென்றவர்கள் யார்? துவக்குச் சுமக்கும் உள்ளூர்க் கூலியாட்கள். வேட்டைக்காரர் கை நீட்டும் கணத்தில் துவக்கைக் கொடுத்துவிட்டு, யானை பாய்ந்தால் ஓடவும் முடியாமல் நிற்க வேண்டியவர்கள். பதுளையில் அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் கல்லறை நுவரெலியாவில் இன்றும் இருக்கிறது. அவருக்குத் துவக்குச் சுமந்தவர்களின் பெயர்களை நான் எங்கும் கண்டதில்லை.

கோப்பியின் காலம் போய்த் தேயிலையின் காலம் வந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய தேயிலை மலையெங்கும் பரவியது. 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்தது. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை எங்கும் துரைமார் பங்களாக்கள். ஒவ்வொரு பங்களாவுக்கும் கீழே நூற்றுக்கணக்கில் லயத்துக் காம்பிராக்கள். மேலே ஒருவர், கீழே ஆயிரம் பேர் என்ற இந்தக் கணக்கு துரைமார் மனத்தில் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் 1859இல் தேசிய ரைபிள் சங்கம் தொடங்கிற்று. மறு ஆண்டு விம்பிள்டன் திடலில் முதல் வேட்டைத் தீர்த்தவர் விக்டோரியா மகாராணியே. 1890இல் போட்டிகள் பிஸ்லி என்ற இடத்துக்கு மாறின. துவக்குச் சுடுவது கனவானின் விளையாட்டு, பேரரசின் பாதுகாப்பு, இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் காலனிகளுக்கெல்லாம் பரவியது. இலங்கையில் அதன் விளைவே 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை. ஐரோப்பியருக்கு மட்டுமான தொண்டர் படை அது. வாரநாளில் கொழுந்து மலையில் கணக்குப் பார்ப்பவர் விடுமுறை நாளில் சீருடை அணிந்து குறிபார்ப்பார்.

அதே 1900இல்தான் தென்னாபிரிக்காவில் பிடிபட்ட போயர் கைதிகள் தியத்தலாவை முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மொத்தம் சுமார் 5,000 பேர் இலங்கைக்கு வந்தனர். அந்த விவசாயிகள் தங்கள் மவுசர் ரைபிள்களால் பிரித்தானியப் படையைத் திணறடித்தவர்கள். 'எங்கள் துவக்கு நன்றாக இல்லையோ' என்ற கவலை லண்டனில் அந்தப் போரிலிருந்தே தொடங்கியது. லீ-என்பீல்டை மாற்றிப் புதிய துவக்கு செய்யும் முயற்சியும் நடந்தது. உலகப் போர் குறுக்கிட்டதால் அது நிறைவேறவில்லை.

இங்கே ஒரு சுவையான செய்தியைச் சொல்லியாக வேண்டும். மருமகனும் இதைக் கேட்டு வியந்தான். லீ-என்பீல்டின் பூட்டு, ரவை அறைக்குப் பின்னால் இருக்கிறது. மவுசரின் பூட்டு முன்னால், ரவை அறைக்கு அருகில். எனவே மவுசர் விறைப்பானது. லீ-என்பீல்ட் சற்று நெளிவது. வேட்டுத் தீர்ந்ததும் அதன் குழல் மேலும் கீழுமாக அதிரும். 1901இலேயே மாலக் என்ற அறிஞர் துவக்குக் குழல்களின் அதிர்வு பற்றி லண்டன் ரோயல் சொசைட்டியின் வெளியீட்டில் எழுதியிருக்கிறார். நெளிவு என்றால் குறைபாடுதானே? கிட்டிய தூரத்தில் அப்படித்தான். ஆனால் ஆயிரம் யார் தூரத்தில் பிஸ்லிக்காரர்கள் வேறொன்றைக் கண்டார்கள்.

எந்த இரண்டு ரவையும் ஒரே வேகத்தில் சன்னத்தை அனுப்புவதில்லை. செக்கனுக்குப் பத்து மீற்றர் குறைந்தால், ஆயிரம் யாரில் சன்னம் ஏறத்தாழ ஓர் அடி கீழே விழும். லீ-என்பீல்டிலோ, வேகம் குறைந்த சன்னம் குழலை விட்டுச் சற்றுப் பிந்தி வெளியேறுகிறது. அந்த நேரத்தில் குழல்வாய் அதிர்வினால் மேலெழுந்துகொண்டிருக்கிறது. ஆகவே மெதுவான சன்னம் சற்று மேல்நோக்கிப் புறப்படுகிறது. வேகமான சன்னம் சற்றுத் தாழப் புறப்படுகிறது. தொலைவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் சென்று சேர்கின்றன! ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்துவிடுகிறது. இதைத்தான் ஆங்கிலத்தில் 'பொசிட்டிவ் கொம்பென்சேஷன்' என்பார்கள். கிட்டிய தூரத்துக்கு விறைப்பான துவக்கும் நெடுந்தூரத்துக்கு லீ-என்பீல்டும் என்று பிஸ்லியில் பலர் வைத்திருந்ததற்கு இதுவே காரணம். இன்றைய டியூனர் திருகி வரவழைப்பதை அந்தப் பழைய துவக்கு தன் நெளிவினாலேயே செய்தது. இது பக்கத்தில் இருப்பவனுக்குத் துன்பம் தராத ஈடு.

முதலாம் உலகப் போர் மூண்டதும் துரைமார் படையிலிருந்து 8 அதிகாரிகளும் 229 சிப்பாய்களும் 1914 ஒக்டோபரில் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். சூயஸ் கால்வாய்க் காவலில் நின்று, பின்னர் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளோடு சேர்க்கப்பட்டு, 1915 ஏப்ரலில் கலிப்பொலிக் கரையில் இறங்கினார்கள். படைத்தலைவர் பேர்ட்வுட்டின் மெய்க்காவலராகவும் பணியாற்றினார்கள். பலர் அதிகாரிகளாகப் பிற படைகளுக்குச் சென்றனர். போர் முடிந்தபோது இப்படையினரில் 80 பேர் மாண்டும் 99 பேர் காயமுற்றும் இருந்தனர். இளம் வயதில் அந்நிய மண்ணில் மடிந்தவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்தின் கல்லறைகளிடையே நடக்கும்போதெல்லாம், பிறந்த ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்து இங்கே உறங்குகிறார்களே என்று துரைமார் மீதும் ஓர் இரக்கம் வரத்தான் செய்கிறது. எங்கள் முன்னோரும் அப்படி வந்தவர்கள்தாம். அவர்கள் தேயிலைச் செடிக்கு அடியில் பெயரில்லாமல் உறங்குகிறார்கள் என்பதுதான் வேறுபாடு.

அந்த 1915 நடுப்பகுதியில் இலங்கையில் சிங்கள – முஸ்லிம் கலவரம் வெடித்தது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பஞ்சாப் படையினரோடு ஐரோப்பியத் தொண்டர்கள் கையிலும் துவக்கு கொடுக்கப்பட்டது. கொழும்பு நகரக் காவற்படை அதிகாரியான இளைஞர் ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். விளையாட்டுக்கும் பேரரசின் பாதுகாப்புக்கும் என்று எடுத்த துவக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இலங்கை மக்கள் கண்டுகொண்ட ஆண்டு அது.

இனி என் தாத்தாவுக்கு வருகிறேன்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1920களில் அவருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும்போது, துரைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் குறிபார்த்துச் சுடும் மைதானத்தில் அவருக்கு வேலை. அந்த வேலையைத் தோட்டத்தில் 'குழி வேலை' என்பார்களாம். குறித்தட்டுகளுக்குக் கீழே மண்மேடு எழுப்பி, அதன் பின்னால் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டியிருப்பார்கள். பையன்கள் அதற்குள் இறங்கி நிற்பார்கள். தலைக்கு மேலே சன்னம் பறக்கும். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சன்னத்தின் ஓசை, துவக்கின் ஓசைக்கு முன்னரே வந்துவிடும். "சாட்டையடி மாதிரி இருக்கும்டா" என்பார் தாத்தா. ஒவ்வொரு வேட்டுக்கும் குறித்தட்டை இறக்கி, துளையைக் காகிதத் துண்டால் ஒட்டி, மறுபடி ஏற்றி, சன்னம் விழுந்த இடத்தை நீண்ட கம்பின் நுனியில் உள்ள வட்டத்தகட்டால் தொட்டுக் காட்ட வேண்டும். தட்டிலேயே படவில்லை என்றால் சிவப்புக் கொடியை ஆட்ட வேண்டும். கூலி அரைப்பேர்.

ஒரு ஞாயிறு, பெரியதுரை சுட்ட சன்னம் தட்டில் படவில்லை. குழியில் நின்ற மூத்த ஆள், "ஓரத்துல பட்ட மாதிரி காட்டிடு" என்றாராம். தாத்தாவுக்கு அது ஏனோ மனம் ஒப்பவில்லை. துளையில்லாத தட்டில் எங்கே தொட்டுக் காட்டுவது? சிவப்புக் கொடியை எடுத்து ஆட்டினார். மறுநாள் காலைப் பிரட்டில் கணக்கப்பிள்ளை அவருடைய அரைப்பேரை வெட்டியிருந்தார். காரணம் எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு குழி வேலைக்கு வேறொரு பையன் போனான்.

இதைத் தாத்தா எனக்குச் சொன்னபோது அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாங்கள் உரத்துப் பேசினால்தான் அவருக்குக் கேட்கும். குழியில் கேட்ட ஓசையால் காது மந்தமாயிற்றா, தொழிற்சாலை இரைச்சலாலா, முதுமையாலா என்று எந்த வைத்தியரும் பார்த்ததில்லை. துரை தோளுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை அணிந்து சுடுவார் என்பது மட்டும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

ஆங்கிலத்தில் 'கொம்பென்சேஷன்' என்பதற்கு நட்ட ஈடு என்றும் பொருள். இலங்கையில் தொழிலாளர் நட்ட ஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் வந்தது. வேலையில் கையிழந்தால், காலிழந்தால், உயிரிழந்தால் இவ்வளவு பணம் என்று ஒரு கணக்கு முதன்முறையாக எழுதப்பட்டது. தோட்டத் தொழிலாளிக்கு அது கிடைத்ததா, எவ்வளவு போராடிக் கிடைத்தது என்பது தனிக்கதை. ஆனால் துவக்குச் சன்னத்தால் விழுந்த தொழிலாளிக்கு என்ன ஈடு? அந்தக் கேள்வி ஆறு ஆண்டுகளில் எழுந்தது.

1940 ஜனவரி 10. ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டம். கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிலாளர் போராட்டத்தின் முதல் தியாகி என்று இன்றும் போற்றப்படுபவர் அவரே. சுட்டது துரைமார் படையன்று, பொலிஸ் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தோட்டத்தில் துவக்கு ஏந்தியவன் ஒரு பக்கமும் கொழுந்துக் கூடை ஏந்தியவர் மறுபக்கமும் நிற்கும் அந்த வரிசை, பல பத்தாண்டுகளாகப் பழகிப்போன வரிசை.

விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவிக்காக லங்கா சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். எங்கிருந்து சுட்டார்கள், சன்னம் எங்கே பட்டது, சுட வேண்டிய அவசியம் இருந்ததா என்று சபையில் கேட்கப்பட்டது. ஒரு கூலித் தொழிலாளியின் உடலில் சன்னம் விழுந்த இடத்தை ஊரறியச் சுட்டிக்காட்டிய நிகழ்ச்சி அது. விவகாரம் அத்தோடு நிற்கவில்லை. தோட்டத் தகராறு தொடர்பான வழக்குகளை ஒத்திவைக்க வேண்டும் என்பதில் உள்நாட்டு அமைச்சர் டி. பி. ஜயதிலக்கவுக்கும் பொலிஸ் மா அதிபருக்கும் முரண்பாடு மூண்டது. ஆளுநர் கோல்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். பின்னர் சமரசமாகித் திரும்பினார்கள். ஒரு தொழிலாளியின் மரணம் நாட்டின் அமைச்சரவையையே உலுக்கிற்று என்றால் அந்தச் சிவப்புக் கொடியின் வலிமை எத்தகையது!

அந்த ஆண்டு ஜூனில் சமசமாஜத் தலைவர்கள் சிறைப்பட்டார்கள். கொல்வின், என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து 1942 ஏப்ரலில் தப்பியது வாசகர்கள் அறிந்த கதை.

சுதந்திரம் வந்தது. 1949இல் இலங்கை இராணுவம் சட்டப்படி உருவாயிற்று. துரைமார் ரைபிள் படை அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. மலையகத்தில் எவரும் அதற்காகக் கண்ணீர் வடித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் மகிழவும் வழியில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியிருந்தது. துரைமார் படை கலைந்த அந்த 1949இலேயே வாக்குரிமையும் போயிற்று. ஐரோப்பியர் கையிலிருந்த துவக்கு போனதும், நம் கையிலிருந்த வாக்குச் சீட்டும் போனது. பின்னர் 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், இலட்சக்கணக்கானோரை ஏற்றிய கப்பல், 1977, 1983 வன்செயல்கள். 2003இல் வந்த சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற சொல் முற்றாக நீங்க வழி பிறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள். ஆட்சிகள் மாறும்போதெல்லாம், ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகும்போதெல்லாம், உதை யாரோ ஒருவரின் தோளிலிருந்து விலகியது. விலகி எங்கே வந்தது என்பதை மலையகத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துவக்கின் மீது எனக்கு வெறுப்பா என்று மருமகன் கேட்டான். இந்த நாட்டில் என் தலைமுறையில் வாழ்ந்த எவருக்கும் துவக்கு என்ற சொல் இனிக்காது என்றேன். ஆயினும் குறிபார்த்தல் என்பது ஒரு கலை, ஒழுக்கம் என்பதை மறுக்கமாட்டேன். 1994இல் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டில் இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் காற்றுத்துவக்கு ஏந்திய இரண்டு பெண்கள். மூச்சை அடக்கி, மனத்தை ஒருமைப்படுத்தி, ஒரு புள்ளியில் நிற்பது எளிதன்று. அதில் பிழையில்லை.

கடைசியில் அவன் எதை வாங்கினான் என்று கேட்பீர்கள். எந்தப் போட்டி என்பதை முதலில் முடிவு செய், அதன் விதிப் புத்தகத்தைப் படி, அதன் பிறகு கடைக்குப் போ என்றேன். ஆயிரம் யார்ப் போட்டியே தனக்குப் பிடித்தது என்றான். அங்கே பிரேக் கூடாது. ஆகவே முதலிரண்டும் தாமாகவே கழிந்தன. டியூனரை வாங்கலாமா என்று விதிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உதையைத் தன் தோளிலேயே தாங்கிக்கொள்ளப் பழகுகிறேன் என்றான். அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது.

"மாமா, எங்க கிளப்புல சில மைதானத்துல எலக்ட்ரோனிக் தட்டு வந்துருச்சு. ஆனா சில எடத்துல இன்னும் நாங்களே மாறி மாறிக் குழியில எறங்கிக் காட்டணும். டாக்டரா இருந்தாலும் சரி, முதலாளியா இருந்தாலும் சரி, அவங்கவங்க முறைக்கு எறங்கித்தான் ஆகணும்."

இதைத் தாத்தா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். முதலில், சுட்ட துரையும் குழியில் இறங்குவாரா என்று நம்பமுடியாமல் திரும்பக் கேட்டிருப்பார். காது கேட்காததால் நானும் உரத்துச் சொல்லியிருப்பேன்.

அடுத்த முறை அவன் குழியில் இறங்கும்போது, எவர் சுட்டாலும் சரி, தட்டில் துளையில்லை என்றால் இல்லை என்று காட்டும்படி சொல்லியிருக்கிறேன். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக நான் செய்ய முயன்றதும் அதைத்தான். சில வேளைகளில் என் அரைப்பேரும் வெட்டப்பட்டதுண்டு. அதைப் பற்றிப் பிறகொரு நாள் எழுதுகிறேன்.